கேதம் கேட்க யாரும் வராத துக்கம்

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சாவு வீட்டில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தி காதில் விழுந்த கொஞ்ச நேரத்தில் தெருவில் பந்தல்கால் நட்டுவிடுவார்கள். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கும். பக்கத்து வீட்டு அடுப்பில் காப்பி கொதிக்கும். யாரோ ஒருவர் கையில் நோட்டுடன் எந்த ஊருக்குச் சொல்லியாயிற்று, எந்த ஊர் பாக்கி என்று பார்த்துக்கொண்டிருப்பார். நீர்மாலைக்கு யார் போவது, கோடி யார் முதலில் போடுவது என்று சண்டைகூட வரும். அந்தச் சண்டையும் முறையில் சேர்ந்ததுதான். பிறகு பால் தெளிப்பது, பதினாறாம் நாள் கருமாதி, உருமா கட்டு, அந்த வருடம் தீபாவளி கிடையாது, வருடம் திரும்பினால் திதி. பறிகொடுத்தவர் எதையும் யோசிக்க வேண்டாம். பிடித்து உட்காரவைப்பார்கள், பிடித்து எழுப்பிவிடுவார்கள்.

இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் இரண்டு பெட்டிகளோடு வில்லாபுரத்தில் அம்மா வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். திருமண வாழ்க்கையை முடித்துக்கொண்டு வந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். இளக்காரம் ஒன்றுமில்லை, எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். அப்பா ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசினார். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு மாடு செத்தால்கூட வந்து விசாரித்துவிட்டுப் போகிற சொந்தம் எங்களுடையது.

கணவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை முழுக்க எழுதப் போவதில்லை. குடி இல்லை, வேறு பெண் இல்லை. கை ஓங்குவது இருந்தது. அதைவிட அதிகமாகப் பேச்சு இருந்தது. இரவில் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் விழும் சத்தத்தை வைத்தே, அவர் இன்று எந்த மனநிலையில் வருகிறார் என்று கணிக்கப் பழகியிருந்தேன். (இத்தனைக்குப் பிறகும் ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது. கை பழகிவிட்டது.)

குடும்ப நீதிமன்றத்தில் எல்லாம் காகிதத்திலேயே முடிந்தது. இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. மனு போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விரும்பினால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல்தான் சொன்னது. எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே கேட்கப்படுகிற கேள்வி, சேர்ந்து வாழ வழி உண்டா என்பது. இல்லை என்று சொன்னால் அடுத்த வாய்தா. உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது அவர்கள் வேலை இல்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பிறகு ஒரு நாள் மினி லாரியில் சீர்ப் பாத்திரங்கள் திரும்பி வந்தன. எவர்சில்வர் குடம், அண்டா, தூக்குவாளி எல்லாவற்றிலும் எங்கள் இரண்டு பேர் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது. பாத்திரக் கடைக்காரர் பழைய விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அம்மாவுக்கு மனம் வரவில்லை. நல்ல கனமான பாத்திரங்கள். பெயர் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அடுக்கினார். குடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சொந்தக்காரர்கள் ஒருவழியாகப் பேச ஆரம்பித்தபோது வந்தவை மூன்று வகை. மறந்துவிடு என்றார்கள். தலையெழுத்து என்றார்கள். படித்த மாமா ஒருவர், மன்னித்துவிட்டால் உனக்குத்தான் நல்லது என்றார். மறப்பது நம் கையில் இருந்தால் முதலில் பரீட்சைக்குப் படித்ததையா மறப்போம்? தலையெழுத்து என்ற சமாதானமோ மதுரைக்குப் புதிதல்ல. கீழை வாசல் வழியாகக் கணவனோடு நுழைந்து, மேலை வாசல் வழியாகத் தனியாக வெளியேறிய கண்ணகியிடம் இந்த ஊரின் தெய்வமே பின்னால் வந்து நின்று, இதெல்லாம் முற்பிறப்பில் கோவலன் செய்த வினை என்று கதை சொல்லிற்று. அதைக் கேட்டு அவள் மனம் ஆறி உட்கார்ந்தாளா? கணவனைக் காணும்வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள். இருந்தும் அதே மருந்தைத்தான் இந்த ஊர் இன்றும் எடுத்து நீட்டுகிறது.

பெரியம்மா மட்டும் வேறு மாதிரி. அவருக்கு அறிவுரையில் நம்பிக்கை கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை என்னைச் சிவகங்கை வழியாகக் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போனார். அநியாயம் செய்யப்பட்டவர்கள், செய்தவரைத் தண்டிக்கும்படி ஆத்தாளிடம் முறையிட்டு அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். நிலத்தை ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டவர்கள், வாங்கிய கடனை இல்லை என்று சாதித்தவர்கள், இப்படிப் பலர்மீதும் அங்கே வழக்கு உண்டு. வேலு நாச்சியாரைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்டாள் உடையாள் என்கிற பெண்ணின் கதையை அந்தக் கோவிலோடு சேர்த்துச் சொல்வார்கள். பஸ்ஸில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்த பெரியம்மா, கோவிலில் காசைக் கையில் கொடுத்து, “உன் குறையை ஆத்தாளிடம் வாய்விட்டுச் சொல், தாயி. அப்புறம் வெட்டு” என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. அடித்தார் என்று சொல்வதா? அது எல்லா நாளும் இல்லையே. பேசினார் என்று சொல்வதா? பேச்சுக்கா சாமியிடம் வருவார்கள்? அன்று ஏதோ முணுமுணுத்துவிட்டுக் காசை வெட்டினேன். என் துக்கம் எனக்கே இன்னும் ஒரு வாக்கியமாகத் திரளவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

அந்த வழிபாட்டை நான் இழிவாக நினைக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவர் செய்த காயத்துக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற முறை அது ஒன்றுதான். ஆனால் என் விஷயத்தில் அதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. காசு வெட்டியபின் நான் சேதிக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு என்ன நேர்ந்தது, இன்னும் ஒன்றும் நேரவில்லையா என்று. கடைசியில் வந்த சேதி, பதவி உயர்வும் ஆண் குழந்தையும். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பிறகு யோசித்தபோது மாமா சொன்ன மன்னிப்பும் பெரியம்மாவின் காசும் ஒரே தறியில் நெய்ததாகத்தான் பட்டது: இரண்டிலும் என் கண் அவர்மீதே இருக்க வேண்டும். என் உடம்பு என்னவாயிற்று என்று பார்க்க இரண்டிலும் இடமில்லை.

உடம்புக்கு ஆகிக்கொண்டுதான் இருந்தது. அம்மா வீட்டு கேட்டிலும் தாழ்ப்பாள் உண்டு. பால்காரர் திறந்தாலும் வயிறு இறுகும், உள்ளங்கை வேர்க்கும். இடம் மாறியது, ஆள் மாறினார், ஆண்டு மாறியது. சத்தம் மட்டும் பழைய வீட்டிலிருந்தே வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல் இந்த நிலையை, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் (PTSD) என்ற பெயரில், தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய வீரர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நீண்ட காலம் வீட்டுக்குள்ளேயே அடிபட்டவர்களுக்கு ஏற்படும் சிக்கலான வடிவத்தை உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியல் தனியாகக் குறிப்பிடுகிறது. அது நடைமுறைக்கு வந்தது 2022-இல். போர்க்களத்துக்குக் கிடைத்த இடம் அடுக்களைக்குக் கிடைக்க நாற்பது வருடங்கள் பிடித்தன.

இந்தக் காலம் முழுக்க நான் பேசாமலும் இருக்கவில்லை. தினமும் விளக்கு வைத்தபிறகு அம்மாவும் நானும் அதைத்தான் பேசினோம். பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தூக்கம் கெட்டது. மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எங்களுக்கு ஏன் குறையவில்லை என்பது எனக்குப் பல நாள் விளங்காத விஷயம். ஒரே துயரத்தை மனதில் அரைத்துக்கொண்டே இருப்பது மனச்சோர்வை ஆழமாக்கும், நீட்டிக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அவரைப் பற்றிப் படித்தது பின்னால்தான். விளங்கியது ஒரு சாவு வீட்டில்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தூரத்துச் சித்தி ஒருவர் இறந்துபோனார். அவரை நான் நாலைந்து முறை பார்த்திருந்தால் அதிகம். பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கிக்கொண்டு வந்து, தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒப்பாரி கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும்: முதல் சில அடிகள் செத்தவருக்கு, பிறகு ஒவ்வொருத்தியும் தன் கதைக்குத் திரும்பிவிடுவாள். சீர் செய்யாத அண்ணன், பச்சைக் குழந்தையிலேயே போன மகன், பிழைக்கப் போய்த் திரும்பாத கணவன். பந்தலில் உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கும் அது காதில் விழும். அவன் தலையைக் குனிந்துகொள்வான். யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். அந்த வட்டத்தில் யார் தோளிலோ கையைப் போட்டுக்கொண்டு நான் அழுதேன். எனக்கு ஒப்பாரி கட்டத் தெரியாது. வெறும் அழுகைதான். பக்கத்தில் இருந்த பாட்டி, “எந்த ஊர்த் துக்கமோ, அழுது தீர், ஆத்தா” என்றார். என்னை யார் என்றே அவருக்குத் தெரியாது.

அழுகையைவிட முக்கியமாக நான் கவனித்தது மறுநாள் நடந்தது. கேதம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எப்படி ஆயிற்று? சித்தியின் மகள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினாள். காலையில் எழுந்து வாசல் தெளித்தது, நெஞ்சு கரிக்கிறது என்று சொன்னது, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தது, கார் வர நேரமானது, ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டது. சொல்ல முடியாமல் நின்றால் பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துச் சொன்னார். முதல் நாள் கஷாயத்தோடு நின்றுபோன கதை, நான் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது முடிவுவரை வந்தது. நடுவில் ஒரு இடத்தில் சித்தியின் குறும்பை நினைத்து அவள் சிரிக்கவும் செய்தாள். நானும் அம்மாவும் பேசினது அப்படியில்லை. எங்கள் இருவருக்கும் கதை தெரியும் என்பதால் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. வலிக்கிற மூன்று நான்கு இடங்களை மட்டும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தோம். ‘எப்படி ஆயிற்று’ என்று கேட்க ஒரு அந்நியர் தேவைப்படுகிறார். அவருக்குச் சொல்வதற்காகத்தான் நாம் வாசல் தெளித்ததிலிருந்து தொடங்குகிறோம்.

அலுவலகத் தோழி ஒருத்தி அண்ணாநகரில் ஒரு உளவியல் ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். அப்போது இப்போதுபோல வசதிகள் கிடையாது. 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில்தான் வந்தது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு அன்றும் இருந்தது, ஆனால் அந்த வரிசையில் நிற்பதைச் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்திலேயே போகாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஆலோசகர் அம்மா செய்தது, கேதத்துக்கு வந்தவர்கள் செய்ததைத்தான். கொஞ்சம் திட்டமாகச் செய்தார். எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையாம். முதலில் சில வாரங்கள் பேசவே விடவில்லை. மூச்சைச் சீராக்குவது, பயம் வரும்போது அறையில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது, இப்படி. பிறகு ஒரே ஒரு இரவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல, தொடக்கத்திலிருந்து முடிவுவரை. அதை ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்கச் சொன்னார். அடுத்த முறை மறுபடியும் அதே இரவு.

முதலில் சில தடவைகள் சொன்னபோது அந்த இரவில் நான் மட்டும்தான் இருந்தேன், நானும் அவரும். எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, சொல்லிக்கொண்டு வரும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அக்கா. கையில் ஒரு சின்னக் கிண்ணம். உறைமோர் வேண்டும் என்றார். மணி பத்தரை இருக்கும். விளக்கு வைத்தபிறகு மோர் கொடுப்பதும் கேட்பதும் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அக்கா அப்படிப்பட்ட சாஸ்திரங்களை விடாமல் பார்ப்பவர். மோரை வாங்கிக்கொண்டு உடனே போகாமல், வாசலிலேயே நின்று தண்ணீர் லாரி எப்போது வரும், ரேஷனில் பருப்பு போட்டார்களா என்று நெடுநேரம் பேசினார். அவருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. அதற்காகத்தான் மாடியேறி வந்திருக்கிறார். இத்தனை வருடங்களும் அந்த அக்கா என் நினைவில் இல்லை. நான் சுமந்து திரிந்த அந்த இரவில் கதவு தட்டப்படவே இல்லை.

நினைவு என்பது எழுதி வைத்த பத்திரம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மூளை ஆய்வாளர்கள் கரீம் நாதரும் ஜோசப் லெடூவும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு, எலிகளின் பயநினைவு மீண்டும் எழுப்பப்படும்போது சிறிது நேரம் இளகிப் பிறகுதான் திரும்பவும் உறைகிறது என்று காட்டியது. மனிதருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் வாதங்கள் உண்டு. என் நினைவில் நடந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த இரவை நினைத்தால் கிண்ணமும் சேர்ந்தே வருகிறது.

ஆலோசகர் எழுதிப் பார்க்கவும் சொன்னார். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் சோதனை 1986-இல் வெளியானது: மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் உலுக்கியதை எழுதினார்கள். எழுதி முடித்த நேரத்தில் அவர்கள் மனம் மேலும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள். பின்னால் பலர் திரும்பச் செய்து பார்த்ததில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது; சர்வரோக நிவாரணி என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: நாளாக ஆக ‘அதனால்’, ‘பிறகுதான் புரிந்தது’ என்பது மாதிரியான சொற்கள் யார் எழுத்தில் கூடியதோ, அவர்களுக்குத்தான் பலன் அதிகம். அம்மாவோடு நான் பேசிய பேச்சில் ‘அதனால்’ இருந்ததே இல்லை. ‘பார்த்தாயா’ என்பதுதான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரையும் பிடித்து உட்காரவைத்துக் கட்டாயமாகப் பேசவைத்துவிட வேண்டாம். விபத்தோ பேரிடரோ நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பெரிதாகப் பரவியது. ஆராய்ந்து பார்த்ததில், பிற்காலப் பாதிப்பை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. சாவு வீட்டில் பேச முடியாதவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் பேசுகிறாரே, அந்த நாகரிகம் இங்கேயும் வேண்டும்.

தாழ்ப்பாள் சத்தத்துக்கு வயிறு இப்போதும் இறுகுகிறது. பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் விட்டுவிடுகிறது. மன்னிப்பு வந்ததா என்று மாமா கேட்டார். வரவில்லை, நான் அதைத் தேடிப் போகவும் இல்லை.

போன வருடம் பெரியம்மாவின் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டாள். திருமணமாகி இரண்டு வருடம். வீடு உடனே பழைய முறைக்குத் தயாரானது. கதவுகள் சாத்தப்பட்டன, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். நான் அவளிடம் முதலில் சம்மதம் கேட்டேன். பிறகு ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் போட்டேன். வந்து பாருங்கள், பழமெல்லாம் வாங்கி வர வேண்டாம், எப்படி ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றேன். இது என்ன புதுப் பழக்கம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். கேதத்துக்கு வருவதுபோலவா என்று ஒருவர் நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். பாதிப் பேர் வந்தார்கள். படித்த மாமாவும் வந்தார். பத்து நிமிடத்துக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தோம். அவள் முதல் ஆளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவதாக வந்த, அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு அத்தையிடம் சொன்னாள். இப்போது ஆலோசகரிடமும் போய்வருகிறாள்.

எண்பதைத் தாண்டிய பெரியம்மாவுக்கு இதிலெல்லாம் முழு உடன்பாடு இல்லை. ஊரைக் கூட்டிப் பேசினால் அவன் திருந்திவிடுவானா என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை பேத்தியைக் கொல்லங்குடிக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். நீ தடுக்காதே என்று முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டார். தடுக்கவில்லை. அவள் இந்த முறை ஆத்தாளிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள், என்னிடம் காட்டினாள், ஒன்றரைப் பக்கம். காசு வெட்டுவதா வேண்டாமா என்று அங்கே போய்த்தான் முடிவு செய்வாளாம்.